பொத்தான் காசில் எரிந்த சூளை

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: மகள் வேதியியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டாள். மேலே படி என்றால் மண்பாண்டம் வனையக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறாள். புதுச்சேரியில் சில நாள் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து இதே பேச்சு. அவளுடைய அப்பச்சி (அப்பா) முகம் கொடுத்துப் பேசுவதில்லை. “பானை செய்து கௌரவமாகப் பிழைத்த ஒரு பொம்பளையைக் காட்டு, அப்புறம் பார்க்கலாம்” என்கிறாராம். அப்படி யாராவது உண்டா, உண்டென்றால் பிறந்ததிலிருந்து கடைசி வரை விவரமாகச் சொல்லுங்கள் என்கிறார்.

உண்டு ஆச்சி. சொல்வதற்கு முன் ஒன்று. நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் 20 வருடத்துக்கும் மேலாக ஒரு சின்ன மின்சூளை வைத்துக் கோப்பையும் தட்டும் ஜாடியும் செய்து விற்கிறேன். உங்கள் மகள் பக்கம்தான் சாய்வேன். அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

யாரைச் சொல்வது என்று யோசித்தேன். பக்கத்திலேயே மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி கேசவன் இருக்கிறார், சங்கீத நாடக அகாதமி விருது பெற்றவர். புதுச்சேரியில் டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் சேர்ந்து 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியவர். இந்தியாவில் இன்று ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்டுக் கல் மாதிரி இறுகும் பாண்டம்) செய்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த இடம்தான் பள்ளிக்கூடம். ஆனால் அப்பச்சி கேட்கிற கேள்வி பிழைப்பைப் பற்றியது. அதற்கு நேர்ப் பதிலாக ஒரு முழு வாழ்க்கை வேண்டும் என்றால் எனக்கு முதலில் நினைவு வருகிறவர் லூசி ரீ. வியன்னாவில் பிறந்து லண்டனில் 93 வயதில் இறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் பெரிய மட்பாண்டக் கலைஞர்கள் நாலைந்து பேரைச் சொல்லச் சொன்னால் அதில் இவர் பெயர் கட்டாயம் வரும். அந்தப் பெயரை ஒரு காலத்தில் எது சோறு போட்டுக் காப்பாற்றியது தெரியுமா? சட்டைப் பொத்தான்.

நம் வீடுகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பெட்டகசாலைச் சுவரில் ஜப்பான் டைல், இரண்டாம் கட்டில் ஊறுகாய் ஜாடி, கல்யாணத்துக்குச் சாமான் பரப்பினால் மங்கும் பீங்கானும் வரிசை வரிசையாக. பீங்கானை ஆசை ஆசையாக வாங்கிச் சேர்த்த சனம் நம்மைப்போல வேறு எங்கும் இருக்குமா என்று தெரியவில்லை. அதில் ஒன்றைக்கூட நாம் செய்யவில்லை. (ஆத்தங்குடிக் கல் இருக்கிறதே என்பார்கள். அது வேறு. கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. சூளையைப் பார்ப்பதே இல்லை. அழகில் குறைவில்லை, ஆனால் பீங்கான் வகையில் சேராது.) இங்கே மண்பாண்டம் செய்தவர்கள் வேளார்கள் எனப்படும் குயவர்கள். அவர்கள் வீடுகளிலும் பெண்கள் மண் சலிப்பார்கள், மிதிப்பார்கள், வனைந்ததைத் தட்டி உருவேற்றுவார்கள், சுமந்து சந்தைக்குக் கொண்டுபோவார்கள். சக்கரத்தில் உட்காருவது மட்டும் பெரும்பாலும் ஆண்கள். ஆக, நம் பக்கத்தில் ஒரு பெண் சக்கரத்தில் உட்காருகிறேன் என்றால் அப்பச்சிக்குத் திகைப்பாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இனி லூசியின் கதை. 1902 மார்ச் 16-இல் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் கோம்பெர்ஸ். அப்பா பெஞ்சமின் காது மூக்குத் தொண்டை வைத்தியர், சிக்மண்ட் பிராய்டுக்குப் பழக்கமானவர். வசதியான யூதக் குடும்பம். இரண்டு அண்ணன்மாரில் பால் என்பவர் 1917-இல் இத்தாலியப் போர்முனையில் செத்துப்போனார். அம்மா வழிச் சொந்தத்துக்கு ஐசன்ஷ்டாட் என்ற ஊரில் மது வியாபாரம். அங்கே ஒரு மாமா, சாண்டோர் வொல்ஃப், அந்த வட்டாரத்து மண்ணில் தோண்டி எடுத்த ரோமானியப் பழம்பொருட்களைச் சேர்த்து வீட்டையே அருங்காட்சியகம் ஆக்கி வைத்திருந்தவர். விடுமுறைக்குப் போகிற குழந்தை, 2,000 வருடத்துக்கு முந்தைய பானையைப் பார்த்து வளர்ந்தது. நம் பிள்ளைகள் இப்போது கீழடிக்குப் போய்க் கறுப்பு சிவப்புப் பானைச் சில்லைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி.

வசதியை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கலைஞர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இதை மெல்ல ஒதுக்கிவிடுவார்கள். லூசிக்கு முதல் 10 வருடம் காசைப் பற்றிக் கவலைப்படத் தேவை இருக்கவில்லை. மண் வேலையில் முதல் 5 வருடம் வரும்படி என்று எதையும் எண்ணக்கூடாது. அந்த வருடங்களை யாராவது தாங்க வேண்டும். உங்கள் வீட்டில் தாங்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். திறமை இருக்கிறதா என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது இது.

1922-இல் வியன்னா கலைத்தொழில் பள்ளியில் சேர்ந்தார். அங்கே சக்கரத்தைப் பார்த்ததோடு வேறு எதுவும் பிடிக்காமல் போயிற்று. ஆசிரியர் மிக்கேல் பவோல்னி. பானையின் வடிவத்தைவிட மேற்பூச்சின் ரசாயனத்தில் லூசிக்கு அங்கே ஆழமான பயிற்சி கிடைத்தது. குறிப்பேடு போட்டு ஒவ்வொரு கலவையையும் எழுதி வைக்கிற பழக்கம் கடைசி வரை போகவில்லை. கட்டடக் கலைஞர் யோசப் ஹாஃப்மன் அவருடைய பானைகளைப் பார்த்து 1925 பாரிஸ் கண்காட்சிக்கு எடுத்துப் போனார். 1926-இல் ஹான்ஸ் ரீ என்பவரோடு கல்யாணம். தொப்பி செய்யும் தொழிலில் இருந்தவர். இருவரும் குடிபோன வீட்டுக்கு எர்ன்ஸ்ட் பிளிஷ்கே என்ற இளம் கட்டடக் கலைஞர் வால்நட் மரத்தில் அலமாரி, மேசை, முக்காலி எல்லாம் அளவெடுத்துச் செய்து கொடுத்தார். இந்த மரச்சாமானை நினைவில் வையுங்கள், பிறகு வரும். 1937-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம். 35 வயது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் வந்தது. அந்த வருடமே லூசி லண்டனுக்குத் தப்பினார். கணவர் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய்விட்டார், இவர் போகவில்லை. 1940-இல் திருமணம் முறிந்தது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

இந்த இடத்தை வெள்ளைக்காரர்கள் படிப்பதற்கும் நாம் படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது, கீழ்ப் பர்மாவின் நெல்வயலில் ஏறத்தாழக் கால் பங்கு நம் நகரத்தார் கையில் இருந்தது. கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர்கள் கணக்குப் புத்தகத்தையும் கையில் கிடைத்ததையும் எடுத்துக்கொண்டு காடு மலை கடந்து நடந்து வந்தார்கள். எங்கள் ஐயா (தாத்தா) கொண்டுவந்தது ஓர் அரக்குப் பெட்டி. அதில் வெற்றிலை வைத்திருந்தார் என்பதால் அது தப்பித்தது, வேறு விசேஷம் இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவன் அடுத்த நாள் காலையில் என்ன செய்கிறான் என்பதுதான் அவன் சரித்திரம் என்பார் ஐயா. அவர் காரைக்குடியில் நூல் கடையில் கணக்கெழுத உட்கார்ந்தார்.

லூசி என்ன செய்தார்? வியன்னாவில் பதக்கம் வாங்கிய கைக்கு லண்டனில் ஒரு மதிப்பும் இல்லை. அங்கே மண்பாண்டம் என்றால் பெர்னார்ட் லீச். ஹாங்காங்கில் பிறந்து, ஜப்பானில் தொழில் கற்று, 1920-இல் செயின்ட் ஐவ்ஸில் சூளை போட்டவர். கனமான, பழுப்பு நிறமான, கிராமத்துத் தன்மையுள்ள பானைகள்தான் நல்ல பானைகள் என்று ஒரு தலைமுறையையே நம்பவைத்தவர். அவர் பார்வைக்கு லூசியின் கிண்ணங்கள் மெலிந்து போனவை, அடிப்பாகம் சரியில்லாதவை. சொல்லியும்விட்டார். லூசி அதை மனத்தில் எடுத்துக்கொண்டு கனமாகச் செய்து பார்த்தார். சரிவரவில்லை. பின்னாளில் இருவரும் நல்ல சிநேகிதர்கள் ஆனார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு பெரிய மனிதர் சொன்ன வார்த்தை ஒரு கைகாரியைச் சில வருடம் வழிதப்ப வைத்தது என்பதும் உண்மை. எனக்கு இதைப் படித்தபோது கோபம் வந்தது, இன்னும் முழுக்கத் தணியவில்லை.

1939-இல் ஹைட் பார்க் அருகே ஆல்பியன் மியூஸ் என்ற சந்தில் ஒரு வீடு பிடித்தார். மியூஸ் என்றால் பெரிய வீடுகளின் பின்புறத்தில் இருந்த குதிரை லாயச் சந்து. கீழே பட்டறை, மேலே குடித்தனம். வியன்னாவிலிருந்து அந்த வால்நட் மரச்சாமான் வந்து சேர்ந்தது. பிராய்டின் மகன் எர்ன்ஸ்ட், அவரும் கட்டடக் கலைஞர், அதைப் புது வீட்டு அளவுக்கு மாற்றிப் பொருத்திக் கொடுத்தார். லூசி அந்த வீட்டை விட்டு வேறெங்கும் போகவில்லை. 50 வருடத்துக்கு மேல் அதே வீடு, அதே அலமாரி.

போர்க்காலம். அலங்காரப் பொருளுக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள், பொருளும் கிடைக்காது. வியன்னாவிலிருந்து வந்த இன்னோர் அகதி, ஃபிரிட்ஸ் லாம்ப்ல், பிமினி என்ற பெயரில் கண்ணாடிப் பொத்தான் செய்துகொண்டிருந்தார். அவருக்காக வேலை செய்யத் தொடங்கி, பிறகு தானே பீங்கான் பொத்தானில் இறங்கினார் லூசி. உடுப்பு தைக்கும் பெரிய கடைகளுக்குப் பொத்தான் தட்டுப்பாடு. துணியில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அந்த நிறத்துக்குப் பொருந்தப் பூச்சு கலக்க வேண்டும். பிளாஸ்டர் அச்சில் மண்ணை அழுத்தி, எடுத்து, தடவி, சுட்டு, ஆயிரக்கணக்கில். ரோஜா மாதிரி, முடிச்சு மாதிரி, பின்னல் மாதிரி, வட்டமாக, சதுரமாக. இடையில் போர் வேலைக்காக ஒரு கண்ணாடி வில்லைத் தொழிற்சாலைக்கும் போகவேண்டியிருந்தது. போர் முடிந்ததும் பட்டறை பெருத்தது. உதவிக்கு வந்தவர்களும் பெரும்பாலும் அகதிகள்.

இதைக் கலைஞருக்கு நேர்ந்த இறக்கம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. சூளை வைத்திருக்கிற யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஏன் என்று சொல்ல, கிளேஸ் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். இது உங்கள் மகளுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும்.

கிளேஸ் என்பது மண்ணின் மேல் உருகிப் படிந்த கண்ணாடி. மணலில் உள்ள சிலிக்காவை உருக்கினால் கண்ணாடி கிடைக்கும், ஆனால் தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். எந்தப் பட்டறைச் சூளையும் அதைத் தாங்காது. சுண்ணாம்பு, சோடா, பொட்டாஷ் மாதிரி ஒன்றைச் சேர்த்தால் உருகுநிலை இறங்கும். உருகியது பானையை விட்டு வழிந்து ஓடாமல் பிடித்துவைக்க அலுமினா. நிறத்துக்கு உலோக ஆக்சைடுகள்: இரும்பு, செம்பு, கோபால்ட், மாங்கனீஸ். இவற்றில் ஒன்றை அரை சதவீதம் கூட்டினாலும் வேறு நிறம், வேறு பளபளப்பு. அதனால் நாங்கள் எல்லோரும் சின்னச் சின்னத் தகடுகளில் ஒவ்வொரு கலவையையும் தடவிச் சுட்டுப் பார்ப்போம். நூறு தகடு சுட்டால் நாலு தேறும். மீதி 96 சொந்தக் காசு.

பொத்தான் இதே அளவுதான் ஆச்சி. லூசி வருடக்கணக்கில் சுட்டது அத்தனையும் சோதனைத் தகடு. ஒரே வித்தியாசம், அதற்குக் கடைக்காரர்கள் காசு கொடுத்தார்கள். பின்னாளில் அவர் கிண்ணங்களில் பார்க்கிற அந்த ரோஜா வண்ணம், மஞ்சள், நீலம் எல்லாம் வேறு யாருக்கும் அந்தத் துல்லியத்தில் வராததற்கு இந்தப் பொத்தான்கள் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

1946-இல் வேலை கேட்டு ஓர் இளைஞர் வந்தார். ஹான்ஸ் கோப்பர், 1920-இல் ஜெர்மனியில் பிறந்தவர், 1939-இல் இங்கிலாந்துக்கு ஓடிவந்தவர். எதிரி நாட்டான் என்று பிடித்துக் கனடாவுக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். மண்ணைத் தொட்டதே இல்லை. சிற்பியாக ஆசை. பொத்தான் சுட ஆள் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார் லூசி. பையனின் கை எப்படிப்பட்டது என்று சீக்கிரம் தெரிந்துவிட்டது. வனையக் கற்றுவர வகுப்புக்கு அனுப்பினார். சில மாதத்தில் இவருக்குச் சமமாக வேலை செய்தார். 12 வருடம் அந்தப் பட்டறையில் இருந்தார். வயதில் 18 வருடம் இளையவர், வேலைக்கு வந்தவர். லூசி அவரைத் தன்னைவிடப் பெரிய கலைஞர் என்று யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை. லீச்சின் பேச்சைக் கேட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தவரை, உனக்கு வருவதைச் செய் என்று திருப்பிவிட்டது கோப்பர்தான்.

இருவரும் சேர்ந்து காபிக் கோப்பை, பால் ஜாடி, கிண்ணம் என்று மேசைச் சாமான் செய்தார்கள். வெளியே கறுப்புக்குப் பக்கத்தில் போகும் பழுப்பு, உள்ளே வெள்ளை. விளிம்பில் ஒரு மெல்லிய கோடு. அடியில் இருவர் முத்திரையும் இருக்கும். அதுவும் நாளாந்தப் பிழைப்புக்குச் செய்ததே. இன்று அந்தக் கோப்பைகளை ஏலத்தில்தான் வாங்க முடியும்.

இனி அவர் கைவேலை. 1948-இல் பெரிய மின்சூளை வாங்கினார், அதிலிருந்து ஸ்டோன்வேர். வழக்கமாக என்ன செய்வோம்? பானையை ஒருமுறை 900, 1,000 டிகிரியில் சுட்டு, ஓட்டுப் பதமாக்கி, அதன்மேல் கிளேஸ் போட்டு, 1,200-க்கு மேல் இரண்டாம் முறை சுடுவோம். லூசி ஒரே சூடு. சுடாத பச்சைப் பானையின் மேலேயே தூரிகையால் கிளேஸைத் தடவி நேராக 1,250-க்குக் கொண்டுபோவார். பச்சைப் பானையில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இளகும், விரியும், கையோடு விண்டு வரும். மண் சுருங்குகிற அளவுக்குப் பூச்சும் சுருங்க வேண்டும், இல்லாவிட்டால் செதில் செதிலாக உதிரும். ஆனால் பொருந்திவிட்டால் மண்ணும் பூச்சும் ஒன்றோடொன்று ஊடுருவி, மேலே தடவியது என்றே தெரியாது. தோல் மாதிரி இருக்கும்.

நானும் ஒருமுறை செய்து பார்த்தேன். 40 கோப்பை. ஐப்பசி மாதம், காற்றிலேயே ஈரம். தடவும்போதே 11 கோப்பையின் கைப்பிடி விழுந்தது. மீதியைச் சூளையில் அடுக்கினேன். பாதியில் மின்சாரம் போய் நாலு மணி நேரம் வரவில்லை. திறந்தபோது தட்டோடு ஒட்டிப்போனது 9, விரிசல் விட்டது 14, மேல்பூச்சு உரிந்தது 4. தேறிய இரண்டில் ஒன்றில் இப்போதும் காபி குடிக்கிறேன். இன்னொன்று அலமாரியில் இருக்கிறது, கர்வம் வந்தால் எடுத்துப் பார்ப்பதற்கு.

அவருடைய கீறல் வேலை தனி. ஏவ்பரி என்ற இடத்து அருங்காட்சியகத்தில் வெண்கலக் காலத்துப் பானைகளைப் பார்த்தார், பறவை எலும்பால் கீறிய கோடுகள். அதைப் பிடித்துக்கொண்டார். கிண்ணத்தின் மேல் மாங்கனீஸ் கலவையைத் தடவி, சுற்றுகிற பானையில் ஊசியால் ஒவ்வொரு கோடாக இழுப்பது. கோடுகள் விளிம்பிலிருந்து அடிவரை இறங்கும், ஆனால் எதுவும் அளவுகோல் வைத்த மாதிரி இருக்காது. நடுவீட்டுக் கோலம் போடுகிற பழைய ஆச்சிமாரின் கோட்டில் ஒரு மூச்சு தெரியும் பாருங்கள், அந்த மூச்சு. இன்னொரு வகை, கொப்பளித்துக் குழிகுழியாக எரிமலைக் குழம்பு போலிருக்கும் பூச்சு. சிலிக்கான் கார்பைடு சேர்த்தால் சூட்டில் வாயு கிளம்பி அப்படி வரும். மற்ற பட்டறையில் அது பழுது என்று உடைத்துப் போடுகிற தோற்றம். மெல்லிய காலில் நிற்கும் கிண்ணம், நீண்ட கழுத்தும் விரிந்த வாயும் உள்ள குப்பி. கழுத்தையும் உடலையும் தனித்தனியாக வனைந்து ஒட்டியிருப்பார். விளிம்பில் வெண்கல நிறம் வழியும், மாங்கனீசும் செம்பும் சேர்ந்தது. (மகளிடம் சொல்லி வையுங்கள்: மாங்கனீஸ் புகை நரம்புக்கு ஆகாது. சன்னல் இல்லாத அறையில் அந்த வேலை கூடாது. தூளைக் கலக்கும்போது முகமூடி இல்லாமல் உட்காரவும் கூடாது.)

புகழ் தாமதமாகத்தான் வந்தது. 1967-இல் ஆர்ட்ஸ் கவுன்சில் அவர் வேலைகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கண்காட்சி வைத்தபோது 65 வயது. அரசாங்கப் பட்டங்கள் வரிசையாக வந்து 1991-இல் டேம் (ஆண்களுக்குச் ‘சர்’ பட்டம் மாதிரி பெண்களுக்கானது) ஆனார். 1960-களில் கேம்பர்வெல் கலைப் பள்ளியில் பாடம் சொன்னார். 1982-இல் டேவிட் அட்டன்பரோ பிபிசிக்காகப் பட்டறைக்கு வந்து படம் எடுத்தார். அந்தச் சூளைக்கு வாய் மேலே. 80 வயதுக் குள்ளமான அம்மாள், கடைசி அடுக்கை எடுக்க இடுப்பு வரை உள்ளே குனிய வேண்டும். திறக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். 60 வருடம் செய்த வேலை, இன்னும் என்ன வரப்போகிறது என்று தெரியாத முகம்.

பொத்தான்? அது திரும்ப வந்தது. ஜப்பானிய உடுப்புக் கலைஞர் இசே மியாகே 1980-களில் லண்டனில் அவரைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் பார்த்து, தேடிப்போய்ச் சந்தித்தார். 1989-இல் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் லூசியின் பானைகளுக்குக் கண்காட்சி ஏற்பாடு செய்தார், தடாவோ ஆண்டோ என்ற கட்டடக் கலைஞர் அரங்கம் அமைத்தார். அதே வருடம் மியாகேயின் சட்டைகளில் அந்தப் பழைய பீங்கான் பொத்தான்களைத் தைத்து மேடையேற்றினார். போரில் பிழைப்புக்குச் செய்த சாமான், 40 வருடம் கழித்து.

1990-இல் பக்கவாதம். அதோடு வேலை நின்றது. 1995 ஏப்ரல் 1-இல் அதே வீட்டில் இறந்தார். பட்டறையை, சக்கரம் முதல் கருவிகள் வரை, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அப்படியே அமைத்திருக்கிறார்கள். அந்த வால்நட் மர அலமாரி வியன்னாவுக்கே திரும்பிப் போய், அங்கே அரச மரச்சாமான் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தூணும் கதவும் கழற்றி விற்கப்படுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு வீடு கழற்றப்பட்டு இரண்டு முறை ஊர்மாறி மறுபடி பொருத்தப்பட்டது என்றால் கொஞ்சம் பெருமூச்சு வரும்.

இனி அப்பச்சிக்கு. கௌரவமாகப் பிழைத்தாரா? பிழைத்தார். கலைக் கிண்ணம் விற்றா? முதல் 20 வருடம் பெரும்பாலும் பொத்தானும் காபிக் கோப்பையும் விற்று. மகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உன் பொத்தான் எது? என் பொத்தான் விலாசப் பலகை. வீட்டு விலாசத்தைப் பீங்கானில் எழுதி, பொன்வண்டு நிறத்தில் கரை கட்டி, முகப்பில் பதிக்கக் கொடுக்கிறேன். மணிவிழா, சதாபிஷேகம் என்றால் திரும்பக் கொடுக்கச் சின்னக் கிண்ணம் 300, 400 என்று கேட்பார்கள். கானாடுகாத்தான் பக்கத்து விடுதிகளுக்குக் கதவுக் குமிழும் சோப்புத் தட்டும். வருடத்தில் 9 மாதம் இது. மீதி 3 மாதம் எனக்குப் பிடித்தது. அந்த 3 மாதத்தில் செய்கிறவை நன்றாக இருக்கக் காரணமும் அந்த 9 மாதம்தான்.

எங்கே படிப்பது என்று கேட்டால், இரண்டு வழி. கையை நம்பினால் புதுச்சேரி, ஆரோவில் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு வருடமாவது கூடவே இருந்து வேலை செய்வது. டிப்ளமா வேண்டும், தொழிற்சாலை வேலையும் கைவசம் இருக்கட்டும் என்றால் விருத்தாசலத்தில் செராமிக் படிப்புக்கென்றே அரசு நிறுவனம் இருக்கிறது. வேதியியல் படித்தவளுக்கு அங்கே பாடம் சுலபமாக இருக்கும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாலும் தப்பில்லை. அவசரப்பட்டு முதலிலேயே சூளை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கிய சூளையில் நெல் கொட்டி வைத்திருக்கும் வீடு எனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் ஒரு நாள் இங்கே அனுப்புங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சூளை திறப்பேன், அப்பச்சியும் வரட்டும். மகளைப் பழைய சட்டையில் வரச் சொல்லுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும், மோதிரம் வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மூட்டையிலிருந்து மண் எடுத்துச் சலிப்பதில் தொடங்குவோம், மத்தியானத்துக்குள் சக்கரத்துக்கு வர முடியாது.